வகுப்பறையில் பிறக்கும் குறும்படம்



குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்திற்கும் இடையே இனயம் என்றொரு ஊர் இருக்கிறது. என்றேனும் ஒரு மாலைப்பொழுதில் அங்கே சென்று பாருங்கள். கரையைக் காக்கக் கொட்டப்பட்ட கருங்கற்களின் மீது சிறுவர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் ஒருவன் கையில் அண்ணனுடைய கைப்பேசி இருக்கும். அலையையும் வள்ளத்தையும் தோழனின் குறும்பையும் அவன் படம்பிடித்துக்கொண்டிருப்பான். எதற்காக எடுக்கிறாய் என்று கேட்டால் அவனிடம் விடை இராது. எடுத்ததைத் தோழர்களிடம் காட்டிச் சிரித்துவிட்டு, மறுநாள் அழித்துவிடுவான்.

அவன் முதுகுக்குப் பின்னால், வீட்டுத் திண்ணையில் ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் கடல் எழுந்து வந்ததைக் கண்ணால் கண்டவர் அவர். 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் திரும்புவார்களா எனக் கரையில் நின்று காத்திருந்தவர்களுள் ஒருவராகவும் இருக்கலாம். இக்கரையின் ஊர்களில், அலையை நோக்கி விரல் நீட்டி, "அதோ, அங்கேதான் எங்கள் வீடு இருந்தது" என்று சொல்வோர் உண்டு. விரல் காட்டும் இடத்தில் தண்ணீர்தான் தெரியும். அந்த வீட்டைக் காண வேறு வழியில்லை. சொல்பவரின் வாயிலிருந்து கேட்டால்தான் உண்டு.

கையில் கருவியுடன் சிறுவன். நெஞ்சில் கதையுடன் முதியவர். இருவருக்கும் இடையே பத்தடி தூரமும் இல்லை. ஆனால் இருவரையும் சேர்த்துவைக்க ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள் ஓர் ஆசிரியராக இருக்கக்கூடும் என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் உங்களுடன் பேச விரும்புகிறேன். மாணவர்கள் தாம் கேட்ட கதையை, தம் வாழ்வில் கண்ட கதையை, வகுப்புப் பாடத்தின் ஒரு பகுதியாகவே மூன்று நான்கு நிமிடக் குறும்படமாக ஆக்கும் முறை இன்று உலகின் பல நாடுகளில் வேரூன்றியுள்ளது.

"படமா? பள்ளிக்கூடத்திலா?" என்று நம் தாய்மார்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன்.

கதை சொல்லிப் பாடம் நடத்துவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம் புலவர்கள் கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனத் தமிழுக்குப் புதிய சிற்றிலக்கிய வகைகளையே தந்தார்கள். கிஸ்ஸா என்றால் கதை. மசலா என்றால் வினாவும் விடையுமாக அமைவது. 1572இல் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிரம் மசலா முழுவதும் கேள்வியும் பதிலுமாகவே செல்லும். இன்றைய ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் புதுமுறை என்று சொல்லித்தரப்படுவதைப் புலவர் அன்றே செய்து முடித்துவிட்டார். இவை ஏட்டில் மட்டும் வாழவில்லை. ஒருவர் ஓத, வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சூழ்ந்திருந்து கேட்கும் சபைகளில் வாழ்ந்தன. இனயத்திலிருந்து நெடுந்தூரமில்லாத தக்கலையில், பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ஊர் கூடிப் பாடும் வழக்கம் இன்றும் உண்டு. எழுத்தறியாதவரும் அதன் வரிகளை அறிவார். காது வழியே வந்த கல்வி அது.

இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். வளைகுடா நாடுகளுக்கு நம் ஆண்கள் செல்லத் தொடங்கிய காலத்தில், தொலைபேசி எட்டாத வீடுகளில் கேசட் கடிதம் என்றொன்று இருந்தது. ஒரு வெற்று ஒலிநாடாவை டேப் ரெக்கார்டரில் போட்டு, உம்மா பேச, மனைவி தயங்கித் தயங்கிப் பேச, கைக்குழந்தையின் மழலையையும் பதிவு செய்து, ஊருக்கு வந்து திரும்புகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். எழுதத் தெரியாத பெண்கள் தம் கதையைத் தம் குரலிலேயே சொன்ன முதல் தருணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இன்று அந்த நாடாக்கள் எங்கே? பூஞ்சை பிடித்தும், மேல் வேறு பாட்டுப் பதிக்கப்பட்டும் பெரும்பாலும் போய்விட்டன.

இந்தக் கேசட் கடிதத்திற்கு நெருங்கிய உறவான ஒரு முறையைத்தான், 1990களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜோ லாம்பெர்ட், டேனா ஆட்ச்லி ஆகியோர் வகுத்தார்கள். 'டிஜிட்டல் கதைசொல்லல்' என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரிது, செய்முறை எளிது. ஒரு சிலர் வட்டமாக அமர்ந்து ஒவ்வொருவரும் தம் வாழ்வின் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேட்க வேண்டும். பிறகு அதை ஒரு பக்க அளவிற்குள் எழுதி, தம் குரலிலேயே வாசித்துப் பதிவு செய்து, வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களையும் சில காட்சிகளையும் அந்தக் குரலின் மீது கோத்தால் இரண்டு மூன்று நிமிடப் படம் ஆயத்தம். நடிகர் வேண்டியதில்லை; பாட்டும் சண்டையும் வேண்டியதில்லை. குரலே முதல், படம் அதற்குத் துணை. பள்ளி ஆசிரியர்கள் இதைப் பற்றிக்கொண்டதில் வியப்பென்ன? ஒரு பக்கக் கட்டுரையை எழுத மறுக்கும் மாணவன், தன் குரலில் பதிவாகப் போகிறது என்றால் அதே பக்கத்தை நான்கு முறை திருத்தி எழுதுகிறான்.

நம் நாட்டிற்கு வருவோம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறை 2022ஆம் ஆண்டில் 'சிறார் திரைப்பட விழா' என்னும் திட்டத்தை அரசுப் பள்ளிகளில் தொடங்கியது. உலகின் சிறந்த சிறுவர் படங்களை மாணவர்களுக்குக் காட்டி, பார்த்தபின் அதைப் பற்றிப் பேசவும் எழுதவும் செய்வது அதன் நோக்கம். முதலில் காட்டப்பட்டது சார்லி சாப்ளினின் 'தி கிட்'. 1921இல் வெளிவந்த பேசாப்படம். ஆதலால் மொழித் தடை இல்லை. கைவிடப்பட்ட ஒரு குழந்தையை ஓர் ஏழை வளர்க்கும் கதை நூறாண்டு கடந்து நம் கிராமத்துப் பிள்ளைகளை எட்டிற்று. பார்ப்பது முதற்படி. எடுப்பது அடுத்த படி.

அந்த அடுத்த படியை அண்டை மாநிலத்தில் காணலாம். இனயத்துப் பிள்ளைகள் களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2018 ஜனவரி 22இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றம் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 2000 உயர்நிலைப் பள்ளிகளில் பரவிய இம்மன்றத்தில், மாணவர்களே கேமராவைக் கையாளவும், தம் பள்ளி நிகழ்ச்சிகளைப் படம்பிடித்துத் தொகுக்கவும், அசைவுப்படங்கள் செய்யவும் பயிற்சி பெறுகிறார்கள். இதற்கெல்லாம் முன்னோடியாக அம்மாநிலத்தில் இயங்கிவரும் 'விக்டர்ஸ்' கல்வித் தொலைக்காட்சியை 2005 ஜூலை 28இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தவர் யார் தெரியுமா? நம் இராமேசுவரத்துக் கடலோரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்கள்தாம்.

இனி, நம் வாசகர்கள் பெரிதும் விரும்பக்கூடிய ஈரான் நாட்டுச் செய்திக்கு வருகிறேன்.

1960களில் அந்நாட்டில் சிறுவர், இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்கென ஒரு நிறுவனம் அமைந்தது. 'கானூன்' என்று சுருக்கமாக அழைப்பார்கள். நூலகங்களும் சிறுவர் நூல்களுமாகத் தொடங்கிய அந்நிறுவனத்தில் திரைப்படப் பிரிவு உருவாகக் காரணமானவர்களுள் ஒருவர் அப்பாஸ் கியாரொஸ்தமி. 1970இல் அவர் எடுத்த முதல் படத்தின் பெயர் 'ரொட்டியும் சந்தும்'. பத்து நிமிட அளவே ஓடும். கதை என்ன? ஒரு சிறுவன் கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறான். குறுகிய சந்தில் ஒரு நாய் வழிமறிக்கிறது. அஞ்சி நிற்கிறான். யாராவது பெரியவர் வரமாட்டாரா எனக் காத்திருக்கிறான். கடைசியில் ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நாய்க்குப் போடுகிறான். நாய் நண்பனாகி அவன் பின்னாலேயே வீடுவரை வருகிறது. அவன் உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொள்ள, வாசலில் படுத்த நாய் அடுத்துச் சந்தில் வரும் இன்னொரு சிறுவனைப் பார்த்து உறுமுகிறது. அவ்வளவுதான்!

எண்ணிப் பாருங்கள். ஒரு சிறுவன், ஒரு சந்து, ஒரு நாய், ஒரு ரொட்டி. இவற்றுள் இனயத்தில் எது இல்லை? கோடிகள் கொட்டிப் படம் எடுப்பவர்களுக்குக் கைவராத நேர்த்தி அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. நம் ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஒரே ஒரு படத்தைக் காட்டிவிட்டுத் தொடங்குவதானால், நான் இதையே சொல்வேன்.

அதே ஈரானிலிருந்து எதிர்மாறான ஒரு பாடமும் கிடைக்கிறது. ஜாஃபர் பனாஹி 2015இல் வெளியிட்ட 'டாக்சி' படத்தில் அவருடைய தங்கை அல்லது தமக்கை மகளான சிறுமி ஹானா, பள்ளிக்காக ஒரு குறும்படம் எடுக்க வேண்டியவளாக வருகிறாள். படம் 'காட்டத் தக்கதாக' இருக்க வேண்டும் என்று ஆசிரியை ஒரு விதிப்பட்டியலே கொடுத்திருக்கிறார். வாழ்வின் அழுக்குகளைக் காட்டக் கூடாது என்பதும் அதில் ஒன்று. தெருவில் ஒரு மணமகனின் பணம் கீழே விழ, குப்பை பொறுக்கும் சிறுவன் அதை எடுத்துக்கொள்வதை ஹானாவின் கேமரா பதிவு செய்துவிடுகிறது. ஐயோ, இப்படி இருந்தால் படத்தைக் காட்ட முடியாதே! அவள் அந்தச் சிறுவனை அழைத்து, "பணத்தைத் திருப்பிக் கொடு, நான் அதைப் படம்பிடிக்க வேண்டும்" என்று வற்புறுத்துகிறாள். அவனும் போகிறான், காரியம் நடப்பதில்லை. உண்மை, பள்ளி விதிக்கு இணங்க மறுத்துவிடுகிறது.

சிரிப்பு வருகிறதல்லவா? ஆனால் நம் பள்ளி விழாக்களில் காட்டப்படும் மாணவர் குறும்படங்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். குடிகாரத் தந்தை, கண்ணீர் விடும் தாய், படிப்பை விட்டுக் கடலை விற்கும் பிள்ளை, கடைசி நிமிடத்தில் மனந்திருந்துதல், பிறகு திரை முழுவதும் பெரிய எழுத்தில் ஒரு நல்லுரை. பத்துப் பள்ளிகளில் பார்த்தாலும் பத்தும் இதே வார்ப்பு. அந்தப் பிள்ளைகள் தம் வீட்டைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சித் தொடரைப் பார்த்திருக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று. 'கருத்து எங்கே?' என்று கேட்டுக் கேட்டு நாம்தாம் அவர்களை இப்படி ஆக்கினோம். கருத்தைத் தேடி ஓடும் ஆசிரியர், மாணவன் கண்ணெதிரே கண்டதை இழந்துவிடுகிறார்.

உள்ளதை உள்ளபடி எடுத்துக் காட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கடலோரச் சான்று உண்டு. மாணவர் எடுத்ததன்று, எனினும் இனயத்தைப் போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

கனடாவின் நியூஃபவுண்லாந்துக்கு வடகிழக்கே ஃபோகோ என்றொரு தீவு. சிறுசிறு மீனவ ஊர்கள். கரையோர மீன்பிடி நலிந்து, வறுமை சூழ்ந்தது. இம்மக்களை வேறு நகரங்களுக்குக் குடிபெயர்ப்பதே நல்லது என அரசு எண்ணியிருந்த வேளை. 1967இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ, நினைவுப் பல்கலைக்கழகம் எனப் பொருள்படும் மெமோரியல் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஸ்னோடன் ஆகியோர் அங்கே கேமராவுடன் சென்றார்கள். பெரிய படம் ஒன்று எடுக்காமல், ஒருவர் பேச்சு, ஓர் உரையாடல், ஒரு கூட்டம் என இருபத்தைந்துக்கும் மேற்பட்ட சிறு சிறு படங்களை எடுத்தார்கள். அவற்றை முதலில் யாருக்குக் காட்டினார்கள் தெரியுமா? அந்தத் தீவு மக்களுக்கே! படத்தில் இருப்பவர் "இது வேண்டாம்" என்றால் நீக்கப்படும். பக்கத்து ஊர்க்காரனின் துயரமும் தன் துயரமும் ஒன்றே என்பதை ஒவ்வோர் ஊராரும் வெண்திரையில் கண்டார்கள். நேருக்கு நேர் பேச மறுத்தவர்கள் படத்தைப் பார்த்தபின் பேசத் தொடங்கினார்கள். பிறகே அப்படங்கள் அரசினரிடம் சென்றன. அமைச்சர் தம் மறுமொழியையும் படமாகவே தந்தார். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று எழுந்தது. ஃபோகோ மக்கள் தம் தீவிலேயே இருந்துவிட்டார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

படம் மட்டுமே இவ்வளவையும் சாதித்தது என்று சொல்லமாட்டேன். கூட்டுறவுக்கான முயற்சி அங்கே அதற்கு முன்பே தளிர்விட்டிருந்தது. ஆயினும் மக்கள் ஒருவரையொருவர் கேட்பதற்குப் படம் ஒரு வாயிலாயிற்று.

இனயத்தின் பெயரும் ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. 2016 ஜூலையில், இங்கே பெருந்துறைமுகம் ஒன்றை ரூ.27,570 கோடிச் செலவில் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தது. வீடும் தொழிலும் பறிபோகும் என மீனவர்கள் எதிர்த்தார்கள். வேலைவாய்ப்பு வரும் என வரவேற்றோரும் மாவட்டத்தில் இருந்தார்கள். பின்னர் திட்டத்தின் இடம் கிழக்கே, கன்னியாகுமரியை அடுத்த கோவளம்–கீழமணக்குடிப் பகுதிக்கு மாற்றப்பட்டது; இனயத்தில் துறைமுகம் எழவில்லை. அந்நாட்களில் தொடக்கப்பள்ளியில் பயின்ற பிள்ளைகள் இன்று கல்லூரியில் இருப்பார்கள். கறுப்புக்கொடி கட்டியது, ஊர் கூடியது, வீட்டில் இரவெல்லாம் பேசியது ஆகியவற்றை அவர்கள் தம் தம்பி தங்கையருக்குச் சொல்லியிருப்பார்களா? எதிர்த்தவரையும் வரவேற்றவரையும் ஒரே வகுப்பு மாணவர்கள் தனித்தனியே சந்தித்து, இரு தரப்பையும் ஒரே படத்தில் கோத்தால், குடிமையியல் பாடம் அதைவிட நன்றாக நடத்த முடியுமா?

கதைகளுக்கு இப்பகுதியில் பஞ்சமே இல்லை. 1860இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய், தூர்ந்து சாக்கடையாகிக் கிடக்கிறது. அதில் படகு போனதைப் பற்றிக் கேட்டால் சொல்லக்கூடிய முதியவர் இன்னும் எத்தனை பேர்? குளச்சலில் 1741ஆம் ஆண்டுப் போரின் வெற்றித்தூண் நிற்கிறது; டச்சுக்காரரை மார்த்தாண்ட வர்மா வென்ற கதையைப் பாடநூல் சொல்லிவிட்டது. ஆனால் தென்னந்தோப்பில் தொண்டு அழுகவைத்துக் கயிறு திரித்த பெண்ணின் உள்ளங்கையைப் பாடநூல் காட்டவில்லை.

இங்கே ஒரு நடைமுறைச் செய்தி. கடற்கரையில் படம் எடுப்போருக்கு முதல் எதிரி காற்று. கைப்பேசியில் முதியவரின் பேச்சு ஒரு சொல்லும் விளங்காது. அலையின் இரைச்சலே கேட்கும். ஆகவே பேச்சை வீட்டுக்குள், கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தித் தனியே பதிவு செய்யட்டும். கடலையும் வள்ளத்தையும் பின்னர்ப் படம்பிடித்து அந்தக் குரலோடு சேர்க்கட்டும். எடுக்குமுன் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக வரைந்து, எந்தச் சொல்லுக்கு எந்தக் காட்சி எனக் குறித்துக்கொள்ளட்டும். பத்துப் பேருக்கு ஒரு கைப்பேசி போதும். ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் எழுத, ஒருவர் வரைய, ஒருவர் பிடிக்க, ஒருவர் தொகுக்க வேலை பங்காகிவிடும். படிப்பில் கடைசி வரிசையில் இருப்பவன் தொகுப்பதில் முதல்வனாக இருப்பான். அதைக் கண்டு ஆசிரியர் திகைப்பார்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1956 நவம்பர் 1இல்தான் இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பேச்சில் மலையாள வாடை இருக்கும். "இதைச் செந்தமிழாக்கிப் பேசு" என்று ஆசிரியர் முதியவரைத் திருத்த முயன்றால் படம் அப்போதே செத்துவிடும்.

இனி, தொடக்கத்தில் ஒத்திவைத்த கேள்வி. நம் பிள்ளைகள், அதிலும் பெண்பிள்ளைகள், கேமராவைத் தொடலாமா?

தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து 2019இல் மறைந்த தோப்பில் முஹம்மது மீரானை நீங்கள் அறிவீர்கள். 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றவர். அவருடைய முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. அதில் அவ்வூருக்கு ஆங்கிலப் பள்ளி வருகிறது. அதைத் தீன் கெட்டுப்போகும் என்று சொல்லி எதிர்க்கிறார்கள். இன்று அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்கு வேதனையும் நகைப்பும் ஒருங்கே வருகின்றன. நாளை நம் பேரப்பிள்ளைகள் நம்மைப் பற்றிப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்ற அச்சம் எனக்கு உண்டு.

ஆனால் எல்லா எதிர்ப்பையும் அறியாமை என்று ஒதுக்கவும் நான் ஆயத்தமாக இல்லை. உருவப்படம் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதைத் தீர்க்க நான் ஆளல்லன். பெற்றோரின் அச்சமோ மிகவும் நியாயமானது. வகுப்பில் எடுத்த படம் வாட்ஸ்அப் வழியே ஊர் முழுதும் போய், முன்பின் அறியாதவர் கையில் மகளின் முகம் சிக்கினால் யார் பொறுப்பு? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவர் யாவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தகவல்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆகவே தயங்கும் தாயைப் பத்தாம்பசலி என்று ஏளனம் செய்யும் ஆசிரியர், சட்டத்தையும் அறியாதவரே.

வழி இருக்கிறது. முகத்தைக் காட்டித்தான் கதை சொல்ல வேண்டும் என்பது யார் இட்ட விதி? கயிறு திரிக்கும் கைகள், வலையின் கிழிசல், பூட்டிய வீட்டின் கதவு, பழைய கடித உறையின் வளைகுடா அஞ்சல்தலை இவற்றின் மீது ஒரு சிறுமியின் குரல் படரட்டும். கேமராவுக்குப் பின்னால் நிற்பவளின் முகம் எந்தப் படத்திலும் தெரிவதில்லையே! 1984இல் அகமதாபாத்தில் 'சேவா' பெண்கள் சங்கத்தார் வீடியோப் பயிற்சி தந்தபோது, பயின்றவர்களுள் எழுதப் படிக்கத் தெரியாத உழைக்கும் பெண்களும் இருந்தார்கள். கேமராவின் பொத்தான்களின் ஆங்கில எழுத்து அவர்களுக்குத் தடையாகவில்லை. நம் பெண்பிள்ளைகளோ ஒன்பதாம் வகுப்பில் இயற்பியல் படிக்கிறார்கள்.

எடுத்த படத்தை உடனே இணையத்தில் ஏற்ற வேண்டியதுமில்லை. ஃபோகோ மீனவர்கள் கண்ட ஒழுங்கையே கைக்கொள்ளலாம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கதை சொன்ன அந்த முதியவரின் வீட்டு முற்றத்தில், கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டட்டும். பள்ளியில் புரொஜெக்டர் இருந்தால் கொண்டுவரட்டும். இல்லையேல் கைப்பேசியே போதும். அக்கம்பக்கத்தார் வந்து அமரட்டும். முதற்பார்வையாளர் அவர்தாம். எதை நீக்க வேண்டும், எந்தப் பெயரை மாற்ற வேண்டும், எந்த ஆண்டைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்பதை அவரே சொல்லட்டும். நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மாணவி பக்கத்தில் அமர்ந்து அதைக் குறித்துக்கொள்ளட்டும். வெளியூரில் இருக்கும் அவருடைய மகனுக்கு ஒரு படி அனுப்பலாமா என்று அவள் அவரிடம் கேட்கட்டும்.